கூடம் நிஜமாகவே கோணல்தான்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. நான் நலம். உன் நலமறிய ஆவல் என்று அடுத்த வரி வர வேண்டும், அதுவும் உண்மைதான், ஆனால் இந்தத் தடவை முதல் வரியை நீ இரண்டு முறை படிக்க வேண்டும். நான் நலம். கண் நலம், கை நலம், கால் நலம், வாயைப் பற்றி உனக்கே தெரியும். அப்பாவும் நலம், காது மட்டும் அவருக்கு வேண்டியபோது கேட்கிறது, வேண்டாதபோது கேட்பதில்லை, அது கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ நாலு தடவை சரிம்மா சரிம்மா என்பாய், ஐந்தாவது தடவை மீட்டிங் வந்துவிடும். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. ஆகையால் ஒரு இடத்தில் உட்கார்ந்து, கால் மேல் கால் போட்டுக்கொண்டாவது, கடைசி வரி வரைக்கும் படி.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், உனக்குப் பாதிதான் தெரியும். நீ லீவுக்கு வந்தபோது அந்தப் பெரிய அகல டிவியை வாங்கிக்கொண்டு வந்து முன்னறைச் சுவரில் மாட்டினாய். நல்ல பிள்ளை, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுநாள் காலை அலமாரியைக் குடைந்து, நீ பள்ளிக்கூடம் படித்த காலத்து கேம் பெட்டியை எடுத்தாய். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஒயர் தொங்குமே, அதேதான். வாம்மா, ஒரு ரேஸ் போடலாம், பழைய கணக்கு பாக்கி இருக்கு என்றாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அந்தக் காலத்தில் அந்தக் கார் பந்தயத்தில் நீ என்னிடம் தோற்று, கன்ட்ரோலரைத் தூக்கிக் கட்டிலில் எறிந்துவிட்டு, அம்மா ஏமாத்துறாங்க என்று அக்காவிடம் போய்ச் சொல்லுவாய். அந்த நினைப்பில்தான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வளைவிலேயே லாரியில் மோதினேன். அப்புறம் சுவர். அப்புறம் சுரங்கப்பாதைத் தூண். முதல் மூன்று தடவை நீ சிரித்தாய். நாலாவது தடவை சிரிக்கவில்லை. ஏழாவது தடவை ரிமோட்டை எடுத்து, போதும்மா, கண்ணு வலிக்கப்போகுது என்று அணைத்துவிட்டாய். அன்றைக்கு நீயும் ஐந்து தடவை மோதினாய், நினைவிருக்கிறதா? உனக்கு டச் விட்டுப்போச்சாம். எனக்கு வயசாகிப்போச்சாம். ஒரே டிவி, ஒரே ரோடு, ஒரே லாரி, ஆளுக்கொரு தீர்ப்பு! நல்லாயிருக்கு நியாயம்.

என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? இல்லை. இரண்டு நாள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய், டம்ளர் வைக்கும்போது, கதவு பூட்டும்போது. நானும் பிள்ளை பாசத்தில் பார்க்கிறான் என்று நினைத்துப் பூரித்துப்போனேன், பைத்தியக்காரி. விமான நிலையத்தில் என்னை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு அக்காவிடம் சொன்னாயாம், அம்மாவுக்குக் கை லேட்டாகுது, கண்ணும் சரியில்லை போல, இனிமே ஸ்கூல் வேன் ஓட்ட விடாதீங்க என்று. நீ விமானத்தில் ஏறினாய், அக்கா மறுநாள் வீட்டுப் படி ஏறினாள், கூடவே மாப்பிள்ளையும். தம்பி ரொம்ப பயந்துட்டாம்மா, இருபத்திரண்டு பிள்ளைங்க ஏறுற வண்டி, ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது என்றாள். அதோடு விட்டாளா? பள்ளிக்கூடத்தில் வண்டிகளுக்குப் பொறுப்பாக இருக்கிறாரே, எப்போதும் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே பேசுவாரே, நான்கூட அவருக்குப் பேனாமூடி என்று பேர் வைத்திருக்கிறேன், அவரிடமும் எனக்கு முன்னாலேயே பேசி முடித்துவிட்டாள். வேறு ஒரு டிரைவரையும் ஏற்பாடு செய்து, பள்ளிக்கூடத்தில் இருக்கும் மாற்றுச் சாவியை அவனிடம் கொடுத்தாகிவிட்டது. கையை நீட்டி, சாவியைக் குடும்மா என்றாள். கொடுத்துவிட்டேன்.

இருபத்தாறு வருஷமாக நான் ஓட்டுகிற வேன். எதிர்ப்பக்கம் வந்த பஸ்காரனையே ரிவர்ஸ் எடுக்க வைத்தவள் நான், பெற்ற மகளிடம் மூச்சுக் காட்டாமல் சாவியைக் கொடுத்தேன் என்றால் ஏன் என்று நீ யோசித்தாயா? அம்மா ஒத்துக்கிட்டாங்க என்று அக்கா உனக்கு மெசேஜ் போட்டிருப்பாள். நான் ஒத்துக்கொள்ளவில்லையடா, நான் பயந்துபோனேன். நீங்கள் சொல்வது ஒருவேளை உண்மையாக இருந்தால், அந்த இருபத்திரண்டு பேரில் ஒன்றுக்குக்கூட ஒரு கீறல் படக் கூடாது என்று பயந்தேன். முன் சீட்டில் உட்காருகிற சின்னக்குட்டி ஒன்று, தினமும் ஏறியதும் சீட்பெல்ட்டை என் கையில் கொடுத்து மாட்டச் சொல்லும். அந்த முகம்தான் கண்ணுக்குள் நின்றது. என் பிடிவாதத்துக்காக அந்தக் குழந்தையை வைத்து நான் சோதனை பார்க்க முடியுமா? ஆகவே கொடுத்தேன், கொடுத்துவிட்டுப் பின்கட்டில் போய் நின்று அழுதேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

பதினோரு நாள் வீட்டில் இருந்தேன். காலை ஆறரைக்கு வேறு யாரோ என் வேனை எடுத்துக்கொண்டு நம் தெரு வழியாகவே போவான். கிளட்சை அரைகுறையாக மிதித்து கியர் போடுவான், அந்தச் சத்தம் என் பல்லில் கூசும். அந்த நேரத்துக்கெல்லாம் நான் டிவி முன்னால் உட்கார்ந்து அந்த ரேஸைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். பழகினால் கை திரும்பிவிடும் என்று ஒரு நப்பாசை. மோதினேன், மோதினேன், மோதிக்கொண்டே இருந்தேன். அப்பா பேப்பரைத் தாழ்த்திப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் திரும்பப் பேப்பரைத் தூக்கிக்கொள்வார். அவர் ஒன்றும் சொல்லாததுதான் எனக்கு இன்னும் கோபம்.

பதினோராவது நாள், ரேஸ் ஆரம்பிக்கும் முன் எந்தக் கார் வேண்டும் என்று கேட்டு ஒவ்வொரு காராகச் சுற்றிக் காட்டுமே, அங்கே சிவப்புக் காரைப் பக்கவாட்டில் நிறுத்திவைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்து வாசற்படியில் நின்று பார்க்கிறேன், காரின் சக்கரம் முட்டை மாதிரி இருக்கிறது. இருபத்தாறு வருஷமாகச் சக்கரம் கழுவுகிறவள் நான், சக்கரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்து டிவி கண்ணாடியில் வைத்து அளந்தேன். உயரம் பன்னிரண்டு சென்டிமீட்டர், அகலம் பதினாறு. திரையின் ஓரத்தில் மணி காட்டும் கடிகாரம் ஒன்று வட்டமாக இருக்குமே, அதை அளந்தேன், ஆறுக்கு எட்டு. எதை அளந்தாலும் மூன்றுக்கு நாலு. படத்தைப் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்து ஆணி அடித்திருக்கிறார்கள்! ரோடு இருக்கிற அகலத்தைவிட அகலமாகத் தெரிகிறது, இடம் இருக்கிறதே என்று நம்பி நுழைந்தால் இடமில்லை. உடனே அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா, அம்மா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், விடும்மா என்றாள். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. அந்தப் பழமொழி சொன்ன யாராவது கூடத்தை அளந்து பார்த்தார்களாடி, நான் அளந்திருக்கிறேன், கூடம் நிஜமாகவே கோணல்தான், வேண்டுமானால் டேப்போடு வா என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அவள் வரவில்லை, மாப்பிள்ளையை அனுப்பினாள். அவர் தங்கமான மனுஷன், ஆனால் ரிமோட் கையில் கிடைத்தால் தனக்குத் தெரியாதது உலகத்தில் இல்லை என்று நினைத்துவிடுவார். வட்டம் வட்டமா தெரியணும், அவ்வளவுதானே அத்தை என்று ஒரு பொத்தானை அழுத்தினார். சக்கரம் வட்டமாகிவிட்டது, திரையும் நிறைந்திருந்தது. அவருக்கு முகமெல்லாம் பெருமை. ரேஸை ஆரம்பித்துப் பார்க்கிறேன், மேலே தெரிய வேண்டிய பின்பக்கக் கண்ணாடியைக் காணோம், கீழே வேகம் காட்டும் முள்ளையும் காணோம். கண்ணாடி எங்கே மாப்பிள்ளை என்றேன். படத்தைப் பெருசாக்கினதால மேல கொஞ்சம் கீழ கொஞ்சம் வெட்டுப்படும் அத்தை, அது முக்கியமில்லை என்றார். முக்கியமில்லையாம்! வண்டி ஓட்டுகிறவளிடம் வந்து கண்ணாடி முக்கியமில்லை என்று சொல்கிறார். உங்க வண்டியில ரெண்டு கண்ணாடியையும் கழட்டி இங்க வெச்சிட்டு வீட்டுக்குப் போங்க, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்க என்றேன். அப்புறம் மெதுவாக ஒரு உண்மையை அவிழ்த்தார். முதலில் படம் சரியாகத்தான் வந்ததாம், நடுவில் படம், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. நீதான், கறுப்பா இருந்தா அசிங்கமா இருக்கு மச்சான், முழுசா நிரப்புங்க என்றாயாம், அவரும் நிரப்பினாராம். ஆக, என் கையை லேட்டாக்கியது இரண்டு புத்திசாலிகள். சரி, கறுப்பையே திரும்பக் கொண்டுவாங்க என்றேன். அவ்வளவு பெரிய டிவியில ரெண்டு பக்கமும் சும்மா கிடக்குமே அத்தை என்று அங்கலாய்த்தார். பெரிய வாசல் வைத்த வீட்டுக்குள்ள நுழையும்போது எல்லாரும் உடம்பைப் பெருக்கிக்கிட்டா நுழையறீங்க என்று கேட்டேன். அப்பா பேப்பருக்குப் பின்னால் சிரித்தார், காது கேட்ட நாள் அது.

கறுப்புப் பட்டை வந்தது, கண்ணாடி வந்தது, வேக முள் வந்தது, சக்கரம் சக்கரமாக நின்றது. உட்கார்ந்தேன். ஏழு மோதல் நாலாகக் குறைந்தது. நாலு! சின்னவனே, அந்த நேரத்தில் நான் பட்ட பாட்டை உனக்கு எப்படிச் சொல்வது? அதுவரைக்கும் பழி போட டிவி இருந்தது. இப்போது அளந்து பார்த்தாகிவிட்டது, எல்லாம் சரியாக இருக்கிறது, அப்படியும் கொண்டை ஊசி வளைவில் நான் பிரேக் அழுத்தினால் கார் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் நிற்கிறது. மாப்பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார், அவர் முகத்தில் இருந்த இரக்கத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அப்படியானால் பிள்ளை சொன்னது சரிதான், முடிந்தது என்று கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் உன் அப்பா பேப்பரை மடித்தார். இருபத்தாறு வருஷமா உன் பக்கத்து சீட்ல உட்கார்ந்து டீ குடிச்சிருக்கேன், ஒரு சொட்டு சட்டையில சிந்தினதில்லை, உன் பிரேக்கை எனக்குத் தெரியாதா, எழுந்திரு, முடிவெட்டுக் கடையில பழைய டிவி இருக்கு, அதுல போட்டுப் பார்த்துடுவோம் என்றார். அவர் ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

அவர் ஒயரைத் தூக்கிக்கொண்டார், நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன், இரண்டு பேரும் தெருமுனை முடிவெட்டுக் கடைக்குப் போனோம். பின்பக்கம் புடைத்துக்கொண்டு நாலு பேர் தூக்க வேண்டிய டிவி ஒன்று அங்கே மூலையில் இருக்குமே, அது இன்னும் ஓடுகிறது. கடைக்காரர் ஒருவருக்கு முகமெல்லாம் நுரை தடவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், அதுக்கென்னக்கா, செய்தி வாசிக்கிறவங்க முகத்தையே எத்தனை நாள் பார்க்கிறது, மாட்டுங்க என்றார். மாட்டினோம். எனக்கு உள்ளங்கை வேர்த்துக் கன்ட்ரோலர் வழுக்கியது, புடவையில் துடைத்துக்கொண்டேன். முதல் ரேஸ், ஒரு உரசல், மூன்றாவது இடம். இரண்டாவது ரேஸ், லாரி வந்தது, ஒதுங்கினேன், சுரங்கம் வந்தது, நுழைந்தேன், கொண்டை ஊசி வந்தது, அழுத்தினேன், அழுத்திய அந்த நொடியில் நின்றது! ஒரு மோதல் இல்லை. முதல் இடம். நுரை பூசிய மனிதர் நாற்காலியோடு திரும்பி உட்கார்ந்து, அந்த லாரியை எப்படிக்கா ஒதுக்கினீங்க என்று கேட்கிறார், நுரை பாதி காய்ந்து போயிருக்கிறது, அவருக்கே தெரியவில்லை. கடைக்காரர் சவரக் கத்தியைக் கையில் பிடித்தபடியே, உங்க கைக்கு ஒண்ணும் இல்லைக்கா, உங்க வீட்டு டிவிதான் தூங்கி வழியுது என்றார். நான் அங்கேயே, அத்தனை ஆண்பிள்ளைகள் முன்னாலேயே, முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். பதினோரு நாளாகப் பயத்தில் அழுதது வேறு, இது வேறு.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, என் கட்டைவிரலைப் பாருங்க, அப்புறம் கார் பின்னால எரியற சிவப்பு விளக்கைப் பாருங்க என்றேன். நீ அழுத்துறே, அப்புறம்தான் எரியுது என்றார். பத்துத் தடவை அழுத்தினேன், பத்துத் தடவையும் விரல் முன்னால் போகிறது, விளக்கு பின்னால் வருகிறது. முடிவெட்டுக் கடையில் இரண்டும் ஒன்றாக வந்ததை நானே பார்த்தேன். பிரேக் குழாயில் காற்றுப் புகுந்தால் இப்படித்தான் ஆகும், மிதித்ததும் ஒன்றும் இருக்காது, அப்புறம் பிடிக்கும். அதற்கு டிரைவரையா மாற்றுவார்கள்? காற்றை எடுப்பார்கள். டிவி வந்த அட்டைப்பெட்டியைப் பரண் மேலிருந்து இறக்கி, நீ பிரித்துக்கூடப் பார்க்காத புத்தகத்தை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். உள்ளே வருகிற ஒவ்வொரு படத்தையும் இந்த டிவி சும்மா காட்டுவதில்லையாம், கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு தேய்த்து மெருகேற்றி அழகு பண்ணித்தான் வெளியே விடுமாம். நாடகம் பார்ப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது. வண்டி ஓட்டுகிறவளுக்கு அதுதான் உயிர். கேம் மோட் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அதைப் போட்டால் மெருகேற்றுகிற வேலையை விட்டுவிடும். காலையில் வண்டி எடுக்கும் முன் ஆயில், டயர், விளக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது போல, மாற்றுவதற்கு முன்னால் எது எப்படி இருந்தது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றினேன். டிவி மெனுவில் நாலாவது பட்டியலுக்குள் ஒளிந்துகொண்டிருந்தது அந்தக் கேம் மோட். போட்டேன். விரலும் விளக்கும் ஒன்றாக வந்தன. அன்று சாயங்காலம் ஐந்து ரேஸ், ஒரு மோதல்கூட இல்லை.

அக்கா வந்து பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு ரேஸ் பார்த்தாள். கேம் மோட் இல்லாமல் ஒன்று, அதோடு ஒன்று. அவள் கையிலேயே கன்ட்ரோலரைக் கொடுத்து அழுத்தச் சொன்னேன். அழுத்திப் பார்த்துவிட்டுக் கைப்பையைத் திறந்து, அன்றைக்கு என்னிடம் வாங்கிக்கொண்டுபோன சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தாள். மன்னிச்சிடும்மா என்றாள். அவள் அழுததைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது, ஆனால் சாவியை நான் தொடவில்லை. ஏம்மா, இன்னும் கோபமா என்றாள். கோபம்தான், அது கிடக்கட்டும், ஒரு டிவியை நம்பி சாவியைப் பிடுங்கினீங்க, அதே டிவியை நம்பித் திருப்பிக் குடுக்கிறீங்களே, இதென்ன நியாயம், ரோட்டுல ஓட்டுறது வேற, சோபாவுல ஓட்டுறது வேற, எடுத்துக்கிட்டுக் கிளம்பு, பள்ளிக்கூடத்துக்குப் போவோம் என்றேன்.

கண் டாக்டரிடம் முதலில் போனோம். பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்த தாளை இதோடு நகலெடுத்து வைத்திருக்கிறேன், படித்துப் பார். பிறகு பேனாமூடியிடம் போய், என்னை நிறுத்துவதற்கு முன்னால் ஒரு சோதனை வைத்திருக்க வேண்டாமா, இப்போதாவது வையுங்கள் என்று கேட்டேன். அவர் நல்லவர்தான், உன் அக்கா அழுது சொன்னதும் அவருக்கும் பயம் தொற்றியிருக்கும். சனிக்கிழமை காலை பள்ளி மைதானத்தில், லைசென்ஸ் கொடுக்கிற இடத்தில் சோதனை எடுக்கிறவரை வரவழைத்தார். சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். நான் வேகத்தில் வர வேண்டும், பின் சீட்டில் பேனாமூடி விசிலோடு உட்கார்ந்திருப்பார், எப்போது ஊதுவார் என்று எனக்குத் தெரியாது, ஊதியதும் கோட்டுக்குள் நிற்க வேண்டும். பத்துத் தடவை. பிள்ளைகள் சீட்டில் மணல் மூட்டை. என் வேனில் இரண்டு வாரம் கழித்து ஏறுகிறேன், அந்தப் புது ஆள் சீட்டைப் பின்னால் தள்ளி வைத்திருந்தான், கண்ணாடியைத் தன் முகம் பார்க்கத் திருப்பி வைத்திருந்தான். எல்லாவற்றையும் சரி பண்ணிக்கொண்டு கிளம்பினேன். பத்துத் தடவையும் கோட்டுக்குள் நின்றேன். ஒன்பதாவது தடவை பேனாமூடி ஊதிவிட்டு முன் சீட்டில் வந்து முட்டிக்கொண்டார், பேனா மூடி வாயிலேயே உடைந்துவிட்டது. சோதனை எடுத்தவர் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, எங்க ஆபீசுக்கு டெஸ்டுக்கு வர்றவங்க நிறைய பேர் இதுல பாதிதான் நிப்பாங்க என்றார். திங்கட்கிழமையிலிருந்து ஓட்டுகிறேன். சின்னக்குட்டி ஏறியதும் எங்கே போனே என்று அதட்டிவிட்டு சீட்பெல்ட்டை நீட்டியது.

இப்போது நீ நினைப்பாய், அம்மா ஜெயித்துவிட்டார்கள், அதைச் சொல்லிக் காட்டத்தான் இவ்வளவு நீளம் எழுதுகிறார்கள் என்று. சொல்லிக் காட்டத்தான் எழுதுகிறேன், அதில் என்ன சந்தேகம்? ஆனால் இன்னொன்றும் இருக்கிறது, அதை யாருக்கும் சொல்லவில்லை, அக்காவுக்குக்கூட. நீ பள்ளிக் கடைசி வருஷம் படித்தபோது நான் போட்ட நேரம் அந்தப் பெட்டியின் மெமரி கார்டில் அப்படியே இருக்கிறது, இரண்டு நிமிஷம் ஒன்பது நொடி. இப்போது எல்லாம் சரிசெய்த பிறகு, படம் சரி, கண்ணாடி சரி, விரலும் விளக்கும் ஒன்று, முப்பது நாற்பது தடவை போட்டுப் பார்த்துவிட்டேன், என்னுடைய நல்ல நேரம் இரண்டு நிமிஷம் பதினாலு நொடி. முடிவெட்டுக் கடை டிவியிலும் பதினாலுதான். அந்த ஐந்து நொடி என்னுடையது. அதை நான் டிவி மேல் போடமாட்டேன்.

அதனால் திங்கட்கிழமை வண்டி எடுக்கும் முன்னால் நானே ஒரு தாள் எழுதி பேனாமூடியிடம் கொடுத்தேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே மைதானம், அதே சுண்ணாம்புக் கோடு, அதே விசில். பத்தில் ஒன்று கோட்டைத் தாண்டினால் அன்றைக்கே அந்த இடத்திலேயே நான் இறங்கிவிடுவேன், யாரும் எனக்குப் போன் பண்ண வேண்டாம், யாரும் அழ வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவர் படித்துவிட்டு, இப்படி யாரும் எழுதித் தந்ததில்லையேம்மா என்றார். இதுக்கு முன்னாடி யாருக்கும் டிவி பார்த்து வேலை போனதில்லை சார் என்றேன். நான் என்றைக்கும் ஓட்டுவேன் என்று உன்னிடம் யார் சொன்னது? அந்த நாள் வரும், அது எனக்குத் தெரியும், உன்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அதை அளந்து பார்த்துத் தெரிந்துகொள்ளப் போகிறவள் நான்.

சில வேலைகள் சொல்கிறேன், தட்டாமல் செய். பேனாமூடிக்கு நீயே போன் பண்ணி, நான் சொன்னது தப்பு என்று உன் வாயால் சொல், அக்காவைத் தூது விடாதே. மச்சானிடம் கோபப்படாதே, நிரப்பச் சொன்னது நீ, நிரப்பியதுதான் அவர். உன் வீட்டு டிவியிலும் அந்தக் கேம் மோட் இருக்கிறதா என்று பார், உனக்கு டச் விட்டுப்போகவில்லை, அன்றைக்கு நீயும்தான் பாவம் அந்த டிவியில் ஓட்டினாய். நேரத்துக்குச் சாப்பிடு, கழுத்தை வளைத்து லேப்டாப் பார்க்காதே, ஞாயிற்றுக்கிழமையாவது வெயில் முகத்தில் படுகிற மாதிரி நட. நீ பயந்தது என் மேல் இருக்கிற பாசத்தால்தான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, அந்தப் பாசத்தில் குறையும் சொல்லமாட்டேன். ஆனால் ஏழு தடவை நான் மோதியதைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாயே, அம்மா, கை லேட்டாகிற மாதிரி இருக்கே, என்னன்னு பார்க்கலாமா என்று ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருந்தால், அன்றைக்கே டேப்பை எடுத்திருப்பேன். நீ ஊரெல்லாம் சொன்னாய், என்னிடம் சொல்லவில்லை. லாரியில் மோதியதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

நீயும் உன் வேலையும் வீடும் நன்றாக இருக்க வேண்டும், நீண்ட ஆயுளோடும் தெளிந்த கண்ணோடும் இருக்க வேண்டும், உனக்கும் ஒரு நாள் என் வயது வரும், அப்போது உன் பிள்ளை உன்னிடம் நேராகக் கேட்கிற பிள்ளையாக இருக்க வேண்டும். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், சாவிக்கு வளையம் தளர்ந்துவிட்டது என்று புது வளையம் மாட்டிக் கொடுத்திருக்கிறார். இந்தச் சாவியை நான் கீழே வைக்கும் நாளில் முதல் போன் உனக்குத்தான் வரும், ஏனென்றால் என்னைப் பற்றிய செய்தியை என் பிள்ளை என் வாயால்தான் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
நாளைக் காலை ஆறரைக்கு வண்டி எடுக்கும்
உன் அம்மா